கடைசி வரிசைக்கு எத்தனை அடி

இழையைத் தொடங்கியவர்: மூத்த நாடக நடிகர்

எனக்கு இப்போது 78 வயது. எட்டு வயதில், சிறுவர்களே எல்லா வேடமும் கட்டும் ஒரு பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவுக்குப் போனேன். நானாகப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல முடியாது, என் தந்தையார் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி என்று ஏதேனும் ஒன்றில் நடித்துக்கொண்டே இருக்கிறேன். அண்மையில் நடிப்புப் பயிலும் இளைஞர்கள் சிலர் "நடிப்பு என்றால் என்ன ஐயா?" என்று கேட்டபோது, வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். நான் கற்றதும், கற்றதை மறக்கப் பாடுபட்டதும் எல்லாம் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன என்று அப்போது தோன்றியது: எனக்கும் என்னைப் பார்ப்பவருக்கும் நடுவே எத்தனை அடி தொலைவு?

எங்கள் வாத்தியார் பாடம் ஏற்றும் முறை இது. விடியற்காலையில் கொட்டகையின் ஒரு கோடியில் எங்களை நிறுத்திவிட்டு, தாம் மறுகோடிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். உணர்ச்சி வெளிப்பாடு சரியா, பொருள் புரிந்ததா என்பதெல்லாம் பிறகுதான். வாக்கியத்தின் கடைசி எழுத்து தம் காதில் விழ வேண்டும் என்பதே அவருடைய முதல் நிபந்தனை. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் நிற்கிறது; மனிதனுக்கு மூச்சும் அங்கேதான் முடிகிறது. குரல் தணிந்து தேயும் அந்த இடத்தில்தான் அவன் 'செய்வேன்' என்றானா 'செய்யேன்' என்றானா என்ற செய்தி இருக்கிறது. அதை விழுங்கிவிட்டால் அரசன் போருக்குப் போகிறானா இல்லையா என்பதே கடைசி வரிசைக்குத் தெரியாது. மூச்சைச் சேமித்து வாக்கியத்தின் வாலுக்குக் கொடுப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவை ஏற்படுத்தியபோது ஒலிபெருக்கி என்ற பேச்சே கிடையாது. அந்தக் காலத்து நாடகங்களில் ஏன் இத்தனை பாட்டு, ஏன் இவ்வளவு உச்சஸ்தாயி என்று இன்றையவர்கள் நகைக்கிறார்கள். 1933இல் தம் 27ஆம் வயதிலேயே மறைந்துவிட்ட எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவருடன் நடித்த கே.பி. சுந்தராம்பாளும் உயர்ந்த சுருதியில் பாடியதற்கு ரசனை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆயிரம் பேர் இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் கொட்டகையில் பேச்சுக் குரல் கரைந்துபோகும் தொலைவையும் அந்தச் சுருதி கடந்துவிடும். எதுகையும் மோனையும் கூட இதற்கு உதவின. ஒரு சீர் காதில் விழாமல் போனாலும், எதுகையைப் பிடித்துக்கொண்டு கேட்பவரே அதை நிரப்பிக்கொள்வார்.

நான் சேர்ந்த 1950களில் மைக் வந்துவிட்டது. ஆனால் மேடையின் முன்விளிம்பில் இரண்டே இரண்டு. அரசனும் ஆண்டியும் தம் சோகத்தைச் சொல்ல அந்த இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அரியணை பின்னால் அழகாக ஜோடிக்கப்பட்டுக் காலியாகக் கிடக்கும். அரசாட்சி முழுவதும் மைக்கின் அடியிலேயே நடக்கும்.

பதினான்காம் வயதில் எனக்கு மகரக்கட்டு வந்தது. குரல் உடைந்த வாரத்திலேயே நான் கட்டிவந்த ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடங்கள் எல்லாம் வேறொரு பையனுக்குப் போயின. நான் படுதா இழுக்கும் வேலைக்குப் போனேன். இந்த உடம்பு நமக்குச் சொந்தமல்ல, சிறிது காலத்துக்கு இரவலாகக் கிடைத்தது என்பதைப் பெரும்பாலானோர் அறுபது வயதில் அறிகிறார்கள். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் அதைப் பதினான்கிலேயே அறிந்துகொண்டோம். மைக் முன்னால் ஒரு காலத்தில் பாடியவன், மேடையின் பக்கவாட்டில் நடிகர்களை மறைக்கும் பக்கத் தட்டியின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது, பின்னாளில் எனக்கு நேர்ந்த எந்தத் தோல்வியையும்விட அதிகம் கற்பித்தது. கூட நடிப்பவர் பேசுவதைக் கேட்கவும் அங்கேதான் பழகினேன். அதுவரை என் முறை எப்போது வரும் என்பதற்காக மட்டுமே மற்றவர் வசனத்தைக் கேட்டுவந்தேன்.

பிறகு சென்னைக்கு வந்தேன். வானொலி நாடகத்தில் நாலைந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்றோம். கொட்டகைக் குரலில் நான் முதல் வாக்கியத்தைப் பேசியதும் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். கேட்பவர் ஒரு சாண் தொலைவில் இருக்கிறார் என்பது என் நெஞ்சுக்கு விளங்க ஓராண்டு ஆயிற்று. தொலைக்காட்சி 1975இல் சென்னைக்கு வந்தபோது முகமும் அந்த ஒரு சாணுக்கு வந்துவிட்டது. ஒருமுறை திரைப்பட இயக்குநர் ஒருவர், எல்லோர் முன்னிலையிலும், "ஐயா, தயவுசெய்து முகத்தில் ஒன்றும் செய்யாதீர்கள்" என்றார். இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்ததை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வதுபோல் இருந்தது. அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

என் தாயார் இறந்தபோது நான் அழுத அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துக்கம் உண்மையானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சிறிய கூடத்தில் என் அழுகை கடைசி வரிசைக்குக் கேட்கும்படி இருந்தது. என் தமக்கையார் அருகில் வந்து, "மெல்ல அழு தம்பி, எல்லாரும் பக்கத்தில்தான் இருக்கிறோம்" என்றார். மேடையின் தொலைவை நான் வீட்டுக்குள்ளும் சுமந்து வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. இத்துறையில் உள்ள மற்றவர்களின் அனுபவம் எப்படி என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: மேடை ஒளியமைப்பாளர்

ஐயா சொல்லும் தொலைவு எங்கள் தொழிலுக்கும் அடிப்படை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒரு தொழிலாளியாகப் படித்தால் வியப்பாக இருக்கும். இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கத்துக்கு அளவு சொல்கிறார் இளங்கோவடிகள். அந்த அளவை இப்போதுள்ள பெரிய கலையரங்க மேடைகளோடு ஒப்பிட்டால் மாதவி ஆடிய இடம் மிகச் சிறியது. தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதபடி விளக்குகளை நிறுத்தினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அந்த நிழலை விலக்குவதற்குத்தான் நானும் இன்று ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒளியும் நடிப்பின் அளவை மாற்றியிருக்கிறது. தெருக்கூத்தில் கிரீடமும் மார்ப்பதக்கமும் புஜக்கட்டைகளும் உடம்பை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகின்றன. அவற்றில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் பந்தத்தின் ஒளியை வாங்கி எறிகின்றன. குறைந்த வெளிச்சத்தில், வயல் வரப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கும் துரியோதனன் தெரிய வேண்டும் என்பதற்காக உண்டான உருவம் அது. அதையே நகரத்து அரங்கில் பளீரென்ற விளக்கின் கீழ்க் கொண்டுவந்து நிறுத்தினால் கட்டையின் வண்ணம் தெரிகிறது, துரியோதனன் தெரிவதில்லை. சென்னை எழும்பூரில் 1896இல் எழுந்த மியூசியம் தியேட்டரில் பணியாற்றும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இருக்கைகள் அரைவட்டமாக மேடையைச் சூழ்ந்து மேலேறிச் செல்வதால், அங்கே நடிகர்கள் தாமாகவே குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

மறுமொழி: ஸ்பெஷல் நாடக நடிகை

பெரியவருக்கு வணக்கம். நான் தென்மாவட்டங்களில் முப்பது ஆண்டுகள் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் வேடம் கட்டியவள். எங்களுக்குக் கம்பெனியும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. நாரதராக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், முருகனாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும், நான் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து, அன்றிரவு மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் விடிய விடிய நீளும். எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியாது. பக்கத் தட்டியில் நின்று கேட்கப் பழகியதாகப் பெரியவர் சொன்னார். எங்களுக்கு மேடையிலேயே அந்தப் பாடம். கேட்காதவள் அன்றிரவே தோற்றுப்போவாள்.

ஆனால் வயதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராஜபார்ட் என்னும் நாயக வேடம் நடிப்பவருக்கு அறுபது வயதானாலும் தலைமயிருக்குச் சாயம் போட்டுக்கொண்டு முருகனாக வருவார்; கூட்டம் ஏற்றுக்கொள்ளும். எனக்கு நாற்பது ஆனதும், "அம்மா, இந்த ஆண்டு சின்னப் பெண்ணாகக் கேட்கிறார்கள்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். குரலும் நன்றாகத்தான் இருந்தது, தர்க்கமும் முன்பைவிடக் கூர்மையாக இருந்தது. பெரியவரின் மகரக்கட்டு உடம்புக்குள்ளிருந்து வந்தது. எங்களுக்கு வருவது பார்ப்பவர் கண்ணிலிருந்து. எத்தனை அடி தொலைவு என்று நீங்கள் அளக்கிறீர்கள்; அந்தத் தொலைவு பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

இழையைத் தொடங்கியவர்

அம்மா, தாங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பெண் வேடம் கட்டிய ஆண்களுக்கு இந்த நாட்டில் கிடைத்த புகழையும், பெண்ணாகவே மேடையேறியவர்களுக்குக் கிடைத்த பேச்சுகளையும் நான் அருகிலிருந்து பார்த்தவன். 1912இல் பிறந்த நாடக நடிகர் டி.கே. சண்முகம் 1940களில் ஔவையாராக நடித்தார். கிழவியாக நடித்த அந்த இளைஞருக்கு 'ஔவை' என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அது பெரும் கலை, ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் ஒரு மூதாட்டியை மேடைக்கு அழைத்து ஔவையாக நிறுத்த யாருக்கும் தோன்றியிருக்குமா என்று தாங்கள் கேட்டால், நான் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும்.

மறுமொழி: நடிப்புப் பயிலும் இளைஞர்

ஐயாவிடம் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுள் நானும் ஒருவன். பணிவோடு மாறுபடுகிறேன். தொலைவுக்கு ஏற்ப அளவை மாற்றுவது நுட்பம் மட்டுமே அல்லவா? உள்ளே உணர்வு உண்மையாக இருந்தால் அளவு தானே அமையும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தரப்படுகிறது. தாயார் இறந்தபோது தங்கள் துக்கம் உண்மையானது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த அழுகை பெரிதாக இருந்ததில் என்ன பிழை? மற்றொன்று: சிவாஜி கணேசன் 1952இல் திரைக்கு வந்தபோது மேடையின் அளவை மாற்றாமல்தானே கொண்டுவந்தார்? கேமரா அவருக்கு மிக அருகில் இருந்தும் மக்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசும் பெற்றார். தொலைவுக் கணக்கு அங்கே பொய்த்துவிடவில்லையா?

இழையைத் தொடங்கியவர்

நல்ல கேள்வி, தம்பி. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தொலைவு என்பதை நான் கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே மட்டும் அளக்கவில்லை. 1952இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் நாடகக் கொட்டகையிலிருந்தும் கூத்துக் களத்திலிருந்தும் எழுந்து வந்தவர்கள். அவர்களுடைய காது அந்த அளவுக்குப் பழகியிருந்தது. சிவாஜி கணேசன் நின்று பேசியபோது, அவர் தங்களை நோக்கி வருகிறார் என்று அவர்கள் உணர்ந்தார்கள். கேமரா நடுவில் ஒரு சன்னலாக மட்டுமே இருந்தது. அவர் நடிப்பை மிகை என்று பின்னால் எழுதியவர்கள், தம் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிறிய பெட்டியில் பார்த்தவர்கள். படம் மாறவில்லை, பார்த்த இடம் மாறிவிட்டது. மேலும், அவருக்கு ஓர் அளவுதான் தெரியும் என்பதும் சரியல்ல. பிற்காலப் படங்களில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் கைகளைப் பாருங்கள், குரலைக் கேட்க வேண்டாம்.

முதல் கேள்விதான் கடினமானது. உள்ளே உண்மை இருந்தால் அளவு தானே அமையும் என்று நானும் நம்பியிருந்தேன். அமையவில்லை. என் உடம்பு பயின்றிருந்த வழியில்தான் என் துக்கமும் வெளியே வந்தது. கால்வாய் எப்படி வெட்டப்பட்டிருக்கிறதோ அப்படித்தானே தண்ணீர் ஓடும்? அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் அவரவர் துக்கம் இருந்தது. என் குரல் அவர்களுடைய துக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. மேடையில் இதைக் கூட நடிப்பவரை மறைத்து நிற்பது என்போம். நான் என் தமக்கையை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

முதுமை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதில் முருகன் கிழவனாக வரும் காட்சியை நான் நடித்தபோது, முதுகை வளைத்து, கோலை ஊன்றி, குரலை நடுங்கவிட்டு, கைத்தட்டல் வாங்கினேன். இப்போது உண்மையாகவே கிழவனாகிவிட்டபின் தெரிகிறது: கிழவன் முதுகை வளைப்பதில்லை, அதை நிமிர்த்திவைக்கத்தான் நாள் முழுவதும் போராடுகிறான். நடுங்கும் கையை மற்றவர் கண்ணில் படாமல் மேல்துண்டுக்குள் வைத்துக்கொள்கிறான். நாற்காலியில் உட்காருமுன் அதன் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காததுபோல் பார்த்துக்கொள்கிறான். அன்று நான் நடித்தது கிழவனை அல்ல, கிழவனைப் பற்றி இளைஞர்கள் வைத்திருக்கும் கேலியை. என்றாலும் ஐந்நூறு பேர் உட்கார்ந்த திடலில் அந்தக் கேலிதான் தெரிந்திருக்கும். மேல்துண்டுக்குள் இருக்கும் கை தெரிந்திருக்காது. இதனால்தான் தொலைவை வெறும் நுட்பம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதையே அது முடிவுசெய்கிறது.

மறுமொழி: நாடக ஆர்வலர்

இதைப் படித்தபோது ஜப்பானிய நோ நாடக மரபை நிலைநாட்டிய சியாமி தம் தந்தை கன்னாமியைப் பற்றி எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. கன்னாமி 1384இல் 52 வயதில் மறைந்தார். மறைவதற்குப் பதினைந்து நாள்களுக்கு முன் ஓர் ஆலய விழாவில் ஆடினார். கடினமான பகுதிகளை எல்லாம் இளையவர்களுக்கு விட்டுவிட்டு, எளியவற்றைத் தாம் எடுத்துக்கொண்டு, மிகக் குறைவாக அசைந்தார். ஆனாலும் அன்று அவர் ஆட்டத்தில் பூ முன்னைவிடக் கூடுதலாக மலர்ந்திருந்தது என்கிறார் மகன். நடிகனிடம் பார்ப்பவரை ஈர்ப்பதைப் பூ என்றே சியாமி குறிப்பிடுவார். இளமையின் பூ தானே உதிர்ந்துவிடும் என்றும், பயிற்சியால் வந்த பூ கிளையெல்லாம் பட்டுப்போன மரத்திலும் நிற்கும் என்றும் அவர் கருதினார். ஐயா சொல்லும் குறைத்தலும் கன்னாமி செய்த குறைத்தலும் ஒன்றா என்று அறிய ஆவல்.

இழையைத் தொடங்கியவர்

ஒன்றல்ல என்று நினைக்கிறேன். கன்னாமி தாமாகக் குறைத்துக்கொண்டவர். என்னைக் குறைத்தது முதலில் வானொலி, பிறகு கேமரா, இப்போது முழங்கால். மூன்றும் என்னைக் கேட்டுக்கொண்டு குறைக்கவில்லை. மற்றபடி, கடினமானதை இளையவர்களுக்கு விட்டார் என்ற செய்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் உலகில் அப்படி விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, நானும் விட்டதில்லை.

மறுமொழி: நடிப்புப் பயிலும் இளைஞர்

ஐயாவின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால்வாய் என்ற சொல் என்னை விடவில்லை. எங்கள் தலைமுறை கைப்பேசியில் தன்னையே படம் பிடித்து வாய்ப்புக்கு அனுப்பி வைக்கிறது. முழங்கை நீளத்தில் நின்று பேசியே பழகியவர்கள் நாங்கள். சென்ற மாதம் ஒரு கல்லூரி அரங்கில் நடித்தபோது ஆறாவது வரிசைக்கு மேல் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். எங்கள் கால்வாய் மிகக் குறுகலாக வெட்டப்பட்டுவிட்டதோ என்று அஞ்சுகிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த வயதில் வசனம் மறந்துபோகும் என்ற அச்சம் தங்களுக்கு இல்லையா?

இழையைத் தொடங்கியவர்

இருக்கிறது. அச்சம் மட்டுமல்ல, மறந்தும் போயிருக்கிறது. கம்பெனி நாள்களில் பக்கத் தட்டியில் ஒருவர் பாடப் புத்தகத்தோடு நிற்பார். தடுமாறினால் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். இப்போது அப்படி யாரும் நிற்பதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய நாடகத்தில், மகளாக நடித்த பெண் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறார். எனக்கு விடை முற்றிலும் அழிந்துவிட்டது. அந்தப் பெண் பதறவில்லை, என் வசனத்தைத் தாம் பேசி என்னைக் காப்பாற்றவும் முயலவில்லை. மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்துகொண்டார். நாடகத்தில் அப்படி ஒரு செயல் இல்லை. நான் குடித்தேன். குடித்து முடிக்கும்போது வசனம் வந்துவிட்டது. அடுத்த நிகழ்ச்சியில் வசனம் மறக்கவில்லை. இருந்தாலும் அந்தத் தண்ணீரை நாங்கள் எடுத்துவிடவில்லை.

உங்கள் ஆறாவது வரிசையைப் பற்றி: கால்வாயை அகலப்படுத்த எந்த வயதிலும் முடியும், ஆனால் வலிக்கும். வாக்கியத்தின் கடைசி எழுத்திலிருந்து தொடங்குங்கள். என் நிலை வேறு. வரும் வாரம் அறுபது பேர் மட்டுமே அமரக்கூடிய அறையில் நடிக்கப்போகிறேன். எனக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆகவே என் குரல் எவ்வளவு தொலைவு போகிறது என்பது எனக்கே தெரிவதில்லை. கொட்டகைக் குரலா, வானொலிக் குரலா என்று பிறர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களால் முடியுமானால் ஒத்திகைக்கு மாலை ஐந்து மணிக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள். நான் 'செய்யேன்' என்று சொல்வது உங்கள் காதில் 'செய்வேன்' என்று விழுந்தால் கையைத் தூக்குங்கள்.